எதிர்க்கரை

காலிக் கோட்டைக்குள் பிறந்து வளர்ந்த எங்கள் பெண்களில் அநேகர் கடலில் கால் நனைத்ததில்லை. வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். கோட்டைக்கு மூன்று பக்கமும் கடல். இரவில் படுத்தால் தலையணைக்குக் கீழே அலை அடிப்பது போலக் கேட்கும். சோளகக் காலத்தில் ஜன்னல் கம்பிகளில் உப்புப் பூக்கும். அலுமாரிக்குள் வைத்த புடவையிலும் கடல் மணக்கும். ஆனாலும் கடல் எங்களுக்குப் பார்க்கவும் கேட்கவும் மட்டுமே கிடைத்தது. அஸருக்குப் பிறகு பெண்கள் மதிலின் மேல் சிறிது தூரம் நடப்பார்கள். மஃரிபுக்குப் பாங்கு சொல்லுமுன் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். கீழே பாறைகளுக்கிடையில் பையன்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். கொடிப்பாறையிலிருந்து பாய்ந்து காட்டி வெளிநாட்டுக்காரரிடம் காசு வாங்குகிறவர்களும் உண்டு.

வெளிச்சவீட்டுக்குக் கீழே கையகல மணற்கரை ஒன்று இருக்கிறது. ஆனால் மதிலில் நிற்கும் ஊர் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி இறங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. யாரும் தடை போட்டதாகவும் கேள்விப்பட்டதில்லை. தடையென்று ஒன்று இருந்திருந்தால் அதை மீறுவது பற்றியாவது யாராவது யோசித்திருப்பார்கள்.

வெளிச்சவீட்டடியில் நின்று கிழக்கே பார்த்தால், குடாவுக்கு அப்பால் ஒரு பச்சை மலை தெரியும். அதுதான் ரூமஸ்ஸல. இலங்கைக்கு மூலிகை மலையைத் தூக்கி வந்த அனுமனின் கையிலிருந்து ஒரு துண்டு விழுந்த இடம் அது என்று சிங்கள அயலவர்கள் சொல்வார்கள். 'ஒன்ன வட்டுனா', அதாவது 'அதோ விழுந்தது' என்பதிலிருந்தே உனவட்டுன என்ற பெயர் வந்தது என்பதும் அவர்களது கதை. என் உம்மாவுக்கு அது வெறுமனே 'பச்ச மல'. மழை வருமா என்று பார்க்க அந்த மலையைத்தான் பார்ப்பார். மலை மங்கினால் கொடியில் காயும் துணிகளை எடுக்கச் சொல்வார். குடாவைக் குறுக்கே கடந்தால் ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர். தரை வழியே சுற்றிப் போனால் ஐந்தாறு கிலோமீற்றர். எழுபத்தெட்டு வயது வரை உம்மா அந்தத் தூரத்தைக் கடந்ததில்லை.

இந்தக் குடாவுக்குத்தான் எத்தனை பேர் எங்கிருந்தெல்லாம் வந்திருக்கிறார்கள்! 1344 இல் இப்னு பதூதா வந்தார். 'காலி' ஒரு சிறு பட்டினம் என்றும், இப்றாஹீம் என்ற மாலுமி ஒருவர் தன்னை வீட்டில் வைத்து உபசரித்தார் என்றும் எழுதிவைத்தார். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல், சீனம், தமிழ், பாரசீகம் என்ற மூன்று மொழிகளில் வெட்டப்பட்டது. 1409 ஆம் ஆண்டைக் குறிக்கும் அந்தக் கல் 1911 இல் காலி நகரிலேயே கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. அதன் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெவிநுவரையின் தென்னாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் முன்னிறுத்துகின்றன. ஒரே கல்லில் மூன்று மொழியும் மூன்று வணக்கமும். 1588 இல் போர்த்துக்கேயர் இங்கே அரண் எழுப்பினார்கள். 1640 இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்துப் பெருங்கோட்டையாக்கினார்கள். 1796 இல் அது ஆங்கிலேயரிடம் போனது. 1988 இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றுக்கொண்டது. வந்தவர்கள் எல்லாரும் கடல் வழியாக வந்தவர்கள். அவர்கள் முதலில் கண்டது கோட்டையின் வெளிப்புறத்தை. உள்ளே பிறந்த நாங்களோ அந்த முகத்தை ஒருநாளும் கண்டதில்லை.

எங்கள் வீடு லைன்பான் வீதியில் இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் கயிறு திரித்த தெரு அது. பெயரிலேயே அந்தத் தொழில் இருக்கிறது. முன்னால் தூண் வைத்த விறாந்தை, நடுவில் முற்றம், பின்னால் கிணறு. றமழான் வருமுன் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். அந்தச் சுண்ணாம்பு கடலின் முருகைக்கல்லைச் சுட்டு எடுத்தது. கோட்டை மதிலிலும் முருகைக்கல் இருக்கிறது. மதிலில் கையை வைத்துத் தடவினால் சில இடங்களில் தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாகத் தட்டுப்படும். சிறு வயதில் அதைக் காட்டி, 'இது ஒரு காலத்தில உசிரோட ஈந்தது' என்று வாப்பா சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வாப்பா 2003 இல் வபாத்தானார். வீடு ஏழு பேருக்குப் பங்கு. வெளிநாட்டவர் காணி வாங்கும்போது விதித்த நூறு வீத வரி 2002 இல் நீக்கப்பட்டு, 2004 இல் மீண்டும் விதிக்கப்பட்டது. அந்த இடைப்பட்ட காலத்தில் கோட்டையின் பல வீடுகள் கைமாறின. பிறகும் கைமாறின. பங்கு பிரிக்க முடியாத பழைய வீடு, பழுதுபார்க்க முடியாத கூரை, கல்யாணத்துக்கு நிற்கும் பிள்ளைகள், கேட்பவர் தரும் விலை. இவ்வளவையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் விற்றவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் வீடும் 2006 இல் போனது. இப்போது அது ஒரு ஹோட்டல். உம்மா தலாப்பிட்டியவில் தம்பியோடு இருக்கிறார். நான் மணமுடித்துப் போன இடம் மாவனல்லை.

வீட்டை விட்டு வந்ததை உம்மா பெரிதாகப் பேசியதில்லை. அவருக்கு அதைவிடப் பெரிய துக்கம் ஒன்று இருந்தது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலை ஒன்பதரை மணியளவில் கடல் பஸ் நிலையத்தையும் கிரிக்கெட் மைதானத்தையும் மூடிக்கொண்டு நகருக்குள் ஏறியது. கோட்டை மதில் தண்ணீரைத் தடுத்து நின்றது. உள்ளே இருந்தவர்கள் ஒரு பெரிய இரைச்சலைக் கேட்டார்கள். பிறகுதான் ஆட்கள் ஓடிவந்தார்கள். உம்மாவின் ஒரே தங்கை, எங்கள் சாச்சி, மாகல்லையில் கடற்கரை ஓரமாக இருந்தார். மூன்றாம் நாள்தான் மையித்துக் கிடைத்தது. நீரில் மூழ்கி மௌத்தானவர்களுக்கு ஷஹீதுடைய அந்தஸ்து உண்டு என்று மௌலவி ஒருவர் வந்து ஆறுதல் சொன்னார். உம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து அவர் கடலைப் பார்க்கவில்லை. மாத்தறை வீதியில் பஸ்ஸில் போனாலும் உட்பக்க ஆசனத்தில்தான் உட்காருவார். மீன் வாங்குவார், ஆக்குவார், சாப்பிடுவார். கடல் என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்கமாட்டார். இப்படி இருபது வருடம் போனது.

அந்தச் சுனாமியில் முருகைக்கல்லுக்கும் ஒரு பங்கு உண்டு என்று பின்னால் வந்த ஆய்வுகள் கூறின. காலிக்கு வடக்கே ஹிக்கடுவையில் முருகைப்பார் பாதுகாக்கப்பட்டிருந்தது. அங்கே அலை இரண்டு மூன்று மீற்றர் உயரத்தோடு நின்றது. சற்றுத் தள்ளி பெரேலியவில் சுண்ணாம்புக்காக முருகைக்கல்லை நெடுங்காலம் தோண்டி எடுத்திருந்தார்கள். அங்கே அலை பத்து மீற்றர் எழுந்து வந்தது. ரயில் கவிழ்ந்ததும் அங்கேதான். மதிலுக்கும் வெள்ளைச் சுவருக்கும் கடலிலிருந்து நாம் எடுத்ததற்கு ஒரு கணக்கு இருந்திருக்கிறது. மதிலுக்குள் இருந்தவர்கள் தப்பினார்கள். மதிலுக்கு வெளியே இருந்தவர்கள் கணக்கைத் தீர்த்தார்கள்.

2025 ஜனவரியில் நான் உம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். தம்பியின் மகள் தன் கைத்தொலைபேசியில் சில படங்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். வகுப்புத் தோழிகளோடு 'ஜங்கிள் பீச்' போய் வந்திருந்தாள். ரூமஸ்ஸல மலையின் அடிவாரத்தில், மரங்களுக்குள் ஒளிந்திருக்கும் சிறு கடற்கரைக்குச் சுற்றுலாக்காரர் வழியாகப் பரவிய பெயர் அது. ஒரு படத்தில் பிள்ளைகளின் தலைகளுக்குப் பின்னால் தண்ணீர் தெரிந்தது. தண்ணீருக்கு அப்பால் ஒரு வெள்ளைக் கோடு. உம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது எங்கட கோட்ட" என்றார். "ஆனா திரும்பி ஈக்கி."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இது எங்க நிண்டு எடுத்தது மகள்?"

"பச்ச மலக்கி அங்கால உம்மா."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, கோப்பையைக் கழுவிக்கொண்டே, "அங்க பொம்பிளயளுக்குப் போக ஏலுமா?" என்றார்.

இரண்டு நாள் கழித்து வியாழக்கிழமை சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். வார இறுதியில் சனம் கூடும் என்று மருமகள் எச்சரித்திருந்தாள். ஜனவரி என்பதால் கடலும் அடங்கியிருந்தது. தெற்கில் நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரைதான் கடல் மனிதரோடு பேசும். மே மாதம் சோளகம் பிறந்துவிட்டால் கிட்டப் போக முடியாது. அயலில் இருக்கும் சிங்களப் பையன் ஒருவனின் முச்சக்கர வண்டி. உம்மாவை அவன் 'அம்மே' என்பான். இவர் அவனைப் 'புத்தே' என்பார். மாத்தறை வீதியில் மாகல்லையைத் தாண்டும்போது உம்மா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதினார். கட்டுகொடையைக் கடந்து ரூமஸ்ஸலப் பாதையில் திரும்பியபோதுதான் கண்ணைத் திறந்தார்.

பாதை காட்டுக்குள் ஏறுகிறது. உச்சியில் ஜப்பானிய பௌத்த துறவிகள் கட்டிய வெள்ளை நிறச் சமாதான தூபி. அதற்குச் சற்று அப்பால் வண்டியை நிறுத்திவிட்டுக் கால்நடையாக இறங்கவேண்டும். படிகளும் வேர்களும் மாறி மாறி வருகின்றன. இள வயதுக்காரருக்குப் பத்து நிமிடமும் தேவையில்லை. எங்களுக்கு அரைமணி நேரம் சென்றது. உம்மா மூன்று இடத்தில் உட்கார்ந்தார். மரங்களில் குரங்குகள். இலைகளுக்கூடாக நீலம் துண்டு துண்டாகத் தெரிந்தது. அலைச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் என் கையைப் பிடித்திருந்த அவருடைய பிடி இறுகியது. "திரும்பிப் போவமா உம்மா?" என்று கேட்டேன். "இவ்வளவு எறங்கின கால் சும்மா ஏறுமா?" என்றார்.

கரை மிகச் சிறியது. நூறு அடி வைத்தால் முடிந்துவிடும். இரண்டு பக்கமும் பாறை. பின்னால் செங்குத்தாகக் காடு. தென்னை மரங்கள் தண்ணீருக்குச் சாய்ந்திருந்தன. திறந்த கடலின் பேரலை இங்கே இல்லை. தண்ணீர் வந்து மணலைத் தொட்டுவிட்டு, அவசரமில்லாமல் திரும்புகிறது. மணலெங்கும் விரல் விரலாக உடைந்த முருகைக் கற்கள். சற்றுத் தூரத்தில், தண்ணீருக்கடியில் பார். பொனவிஸ்டா என்பார்கள். 1998 இல் கடல் சூடேறி இலங்கையின் முருகைப்பார்கள் பல வெளிறிச் செத்துப்போயின. மீந்ததைக் காக்கத்தான் 2003 இல் இந்த மலையையும் கடலையும் சரணாலயமாக்கினார்கள். அந்தக் காலையில் கரையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரத் தம்பதியும், சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் சருகு கூட்டிக்கொண்டிருந்த ஒரு பையனும்தான். உம்மாவைக் கண்டதும் அவன் விளக்குமாறைப் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான்.

உம்மா அந்தக் கதிரையை ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பி, கடலுக்கு முதுகு காட்டி, காட்டைப் பார்த்து உட்கார்ந்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மணலில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிளாஸ்கில் கொண்டுபோன இஞ்சித் தேநீரை ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடித்தார். ஒரு குரங்குக்குட்டி தாயின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போவதைக் காட்டினார். மாவனல்லையில் மிளகு என்ன விலை என்று விசாரித்தார். முதுகுக்குப் பின்னால் அலை வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு கால்மணி நேரம் சென்றிருக்கும். என்னிடம் கேட்டார்:

"இங்க ஈந்து பாத்தா பள்ளி தெரியுமா?"

"தெரியும் உம்மா. வெளிச்சவீடும் தெரியும்."

அவர் எழுந்து, முக்காட்டைச் சரிசெய்து, கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

குடாவுக்கு அப்பால் கோட்டை கிடந்தது. காலை வெயில் எங்கள் முதுகுப் பக்கமாக மலையைத் தாண்டி அதன் மேல் விழுந்தது. கருத்த மதில். அதன் நுனியில் வெள்ளை வெளிச்சவீடு. அதை ஒட்டி இன்னொரு வெண்மை, மீரான் பள்ளி. தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் கிறிஸ்தவத் தேவாலயம் என்றே நினைப்பார்கள், கட்டட அமைப்பு அப்படி. உம்மா விரலால் அளந்தார். "பள்ளி அது. அப்ப பள்ளீல ஈந்து இந்தக் கைப்பக்கம் வந்தா... அந்த மரத்துக்குக் கீழ எங்கட ஊடு." மரத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் சொன்ன இடம் சரியாக இருக்கும். அறுபது வருடம் அந்த மலையைப் பார்த்தவருக்கு அந்த மலையிலிருந்து வீட்டைப் பார்க்க வழிகாட்டி வேண்டியதில்லை.

"இவ்வளவு சின்னதா?" என்றார். "நான் நெனச்சேன், எங்கட கோட்ட பெரிய ஒரு ஊரு எண்டு."

பிறகு அவருடைய பார்வை மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது. மதிலின் முடிவு, நகரத்தின் கூரைகள், துறைமுகம், மீன்பிடி வள்ளங்கள். குடாவின் வளைவில் மாகல்லை. நான் அவருடைய முழங்கையைப் பிடித்தேன். அவர் விலக்கினார். நின்றபடி நெடுநேரம் அந்தப் பக்கமே பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"அண்டைக்கி நான் ஊட்டுக்குள்ள ஈந்தேன் மகள். சத்தம் மட்டுந்தான் கேட்டது. என்ட தங்கச்சி எந்தப் பக்கம் ஈக்கி, தண்ணி எந்தப் பக்கத்தால வந்தது ஒண்டும் எனக்குத் தெரியா. மதில் எங்கள காப்பாத்தினது தான். ஆனா பாக்க உடல்ல."

இருபது வருடமாக அவர் கடலை வெறுக்கிறார் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் எண்ணினார்கள், நடந்துகொண்டார்கள், பஸ்ஸில் உட்பக்க ஆசனத்தை அவருக்கு ஒதுக்கினார்கள். அந்தக் கரையில் நின்றபோது எனக்கு வேறொன்று தோன்றியது. கண்ணால் காணாத ஒன்றைத் திரும்பத் திரும்ப மனதில் கட்டிப் பார்த்துக் களைத்த ஒருவர், இப்போது முதன்முறையாக அதன் இடத்தையும் அளவையும் கண்ணால் காண்கிறார். அது இந்த இடத்தில் ஆரம்பித்து அந்த இடத்தில் முடிந்தது. அளவு தெரிந்த துக்கத்தைச் சுமக்கலாம் போலும்.

"வுழூ எடுத்து ரெண்டு ரக்அத் தொழுவேன்" என்றார் உம்மா. வுழூவுக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். "ஏன், இது தண்ணி இல்லயா?" என்று கடலைக் காட்டினார். கடல்நீர் சுத்தமானது, அதில் வுழூச் செய்யலாம் என்பது எங்கள் பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவிலேயே படிக்கும் பாடம். அந்தப் பாடத்தை அவர் அன்றுதான் செய்து பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக ஈர மணலில் வைத்தார். ஒரு சிற்றலை வந்து இரண்டு கால்களையும் மூடியது. அவர் துள்ளிவிட்டார்.

"சூடா ஈக்கி!"

எழுபத்தெட்டு வருடம் அவர் கடல் குளிர்ந்திருக்கும் என்றே நினைத்திருக்கிறார். மதிலுக்கு மேலால் வரும் காற்றுக் குளிர்ந்ததால் தண்ணீரும் அப்படியே இருக்கும் என்ற கணக்கு. வுழூ எடுத்து, பாறை நிழலில் என் சால்வையை விரித்து ழுஹாத் தொழுதார். தொழுது முடித்துத் தங்கைக்காகத் துஆக் கேட்டார். பிறகு நான் கேட்காமலேயே மீண்டும் தண்ணீருக்கு நடந்தார். இம்முறை முழங்கால் அளவு வந்ததும், சாரியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். வெள்ளைக்காரத் தம்பதி எங்களைப் பார்த்தார்கள். அந்தப் பெண் கையை அசைத்தாள். உம்மாவும் ஈரக் கையை அசைத்தார். கடைப் பையன் மரியாதையாக உள்ளே போய்விட்டான். அலை எங்கள் மடியில் உடைந்த முருகைத் துண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. உம்மா அவற்றைப் பொறுக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தண்ணீருக்குள்ளேயே போட்டார். "வாணாம், அது அதுட ஊட்டுல ஈக்கட்டும்" என்றார்.

ஒன்பதரை மணிக்கு முதல் கூட்டம் இறங்கத் தொடங்கியது. ஒலிபெருக்கி ஒன்று, பியர் போத்தல்கள், பிளாஸ்டிக் தட்டுகள். இறங்கி வருபவர்கள் திரும்பி ஏறும்போது எதையும் சுமப்பதில்லை என்பது பாறை இடுக்குகளைப் பார்த்தாலே தெரிந்தது. ஈரச் சாரியின் மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு நாங்கள் ஏறினோம்.

இதை எழுதும்போது ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஒதுங்கிய கடற்கரை என்றால் சுற்றுலாப் பயணிக்கு அது ஒரு அழகு. விளம்பரத்தில் போடும் ஒரு சொல். எங்கள் உம்மாக்களுக்கு அந்த ஒதுக்கம் வேறு. அது இருந்தால் மட்டுமே அவர்களுக்குக் கடல் உண்டு. முன்பு ஆற்றங்கரைகளில் பெண்களுக்கென்று ஒரு துறை இருந்தது. சிங்களப் பெண்கள் தியரெத்தக் கட்டிக்கொண்டு குளிக்கும் கிணறுகளும் பீலிகளும் இருந்தன. அந்த நேரத்தில் ஆண்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். சட்டம் எழுதி வைத்ததல்ல, ஊர் வழக்கம் அது. கடலுக்கு மட்டும் அப்படியொரு வழக்கம் நம் ஊர்களில் உருவாகவில்லை. 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் அதற்குப் பின் வந்த திருத்தங்களும் கரையை நிர்வகிப்பது பற்றிப் பேசுகின்றன. எழுபத்தெட்டு வயதுக் கிழவி ஒருத்தி நாணமில்லாமல் தண்ணீரில் உட்கார ஒரு மணி நேரத்தை ஒதுக்குவது சட்டத்தின் வேலையல்ல. அது ஊரின் வேலை. கிழமையில் ஒரு காலையை, ஒரு சிறு கரையை, 'இது பெண்கள் நேரம்' என்று எல்லா இனத்தவரும் சேர்ந்து மனதார விட்டுக்கொடுத்தால் போதும். பெரிய செலவில்லை.

இதெல்லாம் பெண்ணுக்குத் தகுமா என்று கேட்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். உம்மா கடலில் குளித்த செய்தி அன்று ளுஹருக்கு முன்பே தலாப்பிட்டிய முழுவதும் பரவியது. பக்கத்து வீட்டு மாமி வேலியால் எட்டிப் பார்த்து, "இந்த வயசில கடலுக்குப் பெய்த்து..." என்று இழுத்தார். உம்மா சாரியைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டே, "ஹஜ்ஜுக்குப் போகயில கடலுக்கு மேலால தானே பெய்த்த? அப்ப ஒண்டும் செல்லல்லயே" என்றார். மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச்சில் நோன்புப் பெருநாள் வந்தது. ஏப்ரல் மாதம், சோளகம் பிறக்குமுன், ஒரு காலை ஏழு மணிக்கு உம்மாவின் தொலைபேசி வந்தது. வழமையாக அவர் அந்த நேரத்தில் எடுப்பதில்லை. பயந்து எடுத்தேன். மறுபக்கம் ஒரே காற்றும் கூச்சலும். நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் சிரிக்கிறார்கள். வேலியால் எட்டிப் பார்த்த மாமியின் குரலும் அதில் இருந்தது.

"மகள், கேக்கிதா?" என்று உம்மா சத்தமிட்டார். "இவள் மாமி தண்ணீல ஈந்து எழும்பிறாள் இல்ல. முச்சக்கர வண்டிக்காரப் புள்ள மேல காத்துக்கொண்டு ஈக்கிறான். நீ ஒருக்காச் செல்லு, எழும்பட்டும்."